பதினெட்டு வயது ஆகாத பிள்ளை போலீஸ் வழக்கில் சிக்கினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் இரண்டு தரப்புக்காக எழுதப்பட்டது. பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பதறி நிற்கும் பெற்றோர் ஒரு தரப்பு. "எங்க ஏரியாவில் சின்னப் பசங்க தொல்லை தாங்கவில்லை, என்ன செய்யலாம்?" என்று கேட்கும் ஊராட்சித் தலைவர், கவுன்சிலர், குடியிருப்போர் சங்கத்தார் இன்னொரு தரப்பு. இருவருக்கும் பதில் பெரும்பாலும் ஒரே சட்டத்தில்தான் இருக்கிறது: 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. 2021ல் முக்கியமான திருத்தம் வந்தது. தமிழ்நாடு தனக்கான விதிகளை 2017ல் வகுத்தது.

என் பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். முதலில் என்ன செய்ய வேண்டும்?

அவனுடைய வயதுக்கான சான்றை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோ, டி.சி.யோ, பிறப்புச் சான்றிதழோ, எது கைக்குக் கிடைக்கிறதோ அது. பிள்ளைக்கு 18 ஆகவில்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து போலீஸ் நடந்துகொள்ள வேண்டிய முறையே வேறு.

ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். உதவி சார்பு ஆய்வாளருக்குக் குறைந்த பதவியில் இருப்பவரை இதற்கு நியமிக்கக் கூடாது. "இங்கே குழந்தைகள் நலக் காவல் அலுவலர் யார்?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர் என்று தெரிந்தாலே பேச்சின் தொனி மாறிவிடும். பையனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கு அனுப்பக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பெற்றோருக்கும், பிள்ளையின் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலருக்கும் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், 18 ஆகாதவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும். "இன்று ஞாயிறு, குழுமம் கூடாது" என்ற பதில் செல்லாது. குழுமம் அமராத நேரத்தில் அதன் உறுப்பினர் ஒருவரிடம் ஆஜர்படுத்தலாம் என்று சட்டமே சொல்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஒருவரைத் தரும். தொலைபேசி எண் 15100. பிள்ளையை அடிக்கிறார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்பது போன்ற நிலையில் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "நாலு தட்டு தட்டி அனுப்புங்க சார், திருந்தட்டும்" என்று பெற்றோரே சொல்வதுண்டு. கோபத்தில் வாயில் வந்துவிடும், புரிகிறது. ஆனால் அந்த வார்த்தையை நம்பி அடி விழுந்த பிறகு யார் மேல் புகார் கொடுப்பீர்கள்?

வயதை எப்படி முடிவு செய்வார்கள்? ஆதார் போதாதா?

சட்டத்தின் 94ஆம் பிரிவு வரிசையே போட்டிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால் மட்டும் எலும்புப் பரிசோதனை போன்ற மருத்துவச் சோதனை, அதையும் 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். இந்த வரிசையில் ஆதாருக்கு இடமில்லை.

இதில் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றவில்லை என்று ஆறேழு மாதம் கூட்டிப் போட்டிருப்பார்கள். அப்போது அது ஒன்றுமில்லாத விஷயம். பதினேழே முக்கால் வயதில் வழக்கு வந்தால் அந்த ஆறு மாதம்தான் சிறைக்கும் சிறார் இல்லத்துக்கும் நடுவில் நிற்கும். உங்கள் வீட்டில் அப்படி நடந்திருந்தால் முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு. பிடிபட்ட நாளோ, தீர்ப்பு நாளோ அல்ல. வயதுக் கேள்வியை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம், வழக்கு முடிந்துவிட்ட பிறகும்கூட.

ஏழு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை செய்தது எதுவும் குற்றமே ஆகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செய்கையின் விளைவைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்ப்பார்கள். இது பாரதிய நியாய சன்ஹிதாவின் 20, 21ஆம் பிரிவுகளில் உள்ளது.

எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுவார்களா?

எல்லாவற்றுக்கும் போடக் கூடாது. சட்டம் குற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. மூன்றாண்டு வரை தண்டனை உள்ளவை சிறு குற்றங்கள். குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் என்றிருப்பவை கொடுங்குற்றங்கள். நடுவில் இருப்பவை கடுங்குற்றங்கள். கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகப் புகார் என்றாலோ மட்டும்தான் எஃப்.ஐ.ஆர். மற்றவற்றில் நிலைய நாட்குறிப்பில் பதிந்து, பிள்ளையின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும்.

எது எதில் அடங்கும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். செல்போன் திருட்டு சிறு குற்றம். செயின் பறிப்பும் புதிய சட்டத்தில் மூன்றாண்டு வரைதான், ஆகவே அதுவும் சிறு குற்றமே. வீடு புகுந்து திருடினால் ஏழாண்டு வரை, எனவே கடுங்குற்றம். கொலையும் பாலியல் வன்கொடுமையும் கொடுங்குற்றங்கள். கொலை முயற்சிக்குக் கடுமையான தண்டனை இருந்தாலும் குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லாததால் கொடுங்குற்றத்தில் சேராது. உச்ச நீதிமன்றம் 2020ல் இப்படித் தெளிவுபடுத்தியது, 2021 திருத்தம் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. கஞ்சாவில் அளவைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகும். சிறிய அளவு என்றால் சிறு குற்றம், வணிக அளவு என்றால் குறைந்தபட்சமே பத்தாண்டு, நேரே கொடுங்குற்றம். பொட்டலம் மாற்றிவிடப் பெரியவர்கள் பசங்களைப் பிடிப்பது ஏன் என்று இப்போது புரியும். சட்டம் பசங்களை லேசாக விட்டுவிடும் என்று சொல்லித்தான் பையில் திணிப்பார்கள்.

இளைஞர் நீதிக் குழுமம் என்றால் கோர்ட்டா?

அதிகாரத்தில் கோர்ட், அமைப்பில் இல்லை. ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள், ஆக மூன்று பேர். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். உயர்ந்த மேடை கிடையாது, கூண்டு கிடையாது. மேசையின் ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் நாற்காலியில் பையனும் அம்மாவும் என்றுதான் அறை இருக்க வேண்டும். போலீஸ்காரர் சீருடையில் வரக் கூடாது. கோர்ட் வளாகத்தில் இல்லாமல், விசாரணையின்போது பிள்ளைகளை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலோ அதன் அருகிலோ அமர வேண்டும் என்பது விதி.

சிறு, கடுங்குற்றங்களில் விசாரணையை முதன்முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள்ளும் முடியாவிட்டால் சிறு குற்ற வழக்கு தானாகவே முடிவுக்கு வந்துவிடும். இந்தக் கடைசி வரியைப் பல பெற்றோரும், சொன்னால் வருத்தமாக இருக்கும், சில வக்கீல்களும் அறிந்திருப்பதில்லை.

ஜாமீன் கிடைக்குமா?

கிடைப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. ஜாமீனில் விடக்கூடிய குற்றமா இல்லையா என்ற பேச்சே இங்கே இல்லை. பிணைதாரர் இல்லாமலும் விடலாம், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம், தகுதியான நபர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். மறுக்க மூன்றே காரணங்கள்தான் உண்டு. வெளியே போனால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனதாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும். எந்தக் காரணம் என்று எழுதியும் வைக்க வேண்டும். ஜாமீன் கொடுத்தும் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியவில்லை என்றால், நிபந்தனையை மாற்றுவதற்காகப் பிள்ளையை மறுபடி குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும்.

2024 மே மாதம் புணேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இருவர் இறந்தார்கள். சில மணி நேரத்தில் ஜாமீன், அதோடு விபத்துகள் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்றதும் நாடே கொதித்தது. உடனே அவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஜூன் 25ல் பம்பாய் உயர் நீதிமன்றம், ஜாமீன் கொடுத்த பிறகு உள்ளே வைத்தது சட்டவிரோதம் என்று சொல்லி விடுவித்தது. பணக்கார வீட்டுப் பையன் என்பதால் இது பலருக்குக் கசந்தது. எனக்கு உறுத்துவது வேறு. செல்போன் திருடியதாகப் பிடிபட்ட கூலித் தொழிலாளி மகனுக்கும் அதே சட்டம்தான், அவனுக்கு அந்த வேகம் வருவதில்லை. கட்டுரையைக் கேலி செய்ததோடு பேச்சு முடிந்துபோனது.

கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம், பாதுகாப்பு இடம்: என்ன வித்தியாசம்?

விசாரணை நடக்கும்போது வைத்திருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து, குற்றம் செய்தான் என்று குழுமம் முடிவு செய்தபின் அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். அங்கே அதிகபட்சம் மூன்றாண்டு. பாதுகாப்பு இடம் என்பது 18ஐத் தாண்டிவிட்டவர்களுக்கும், கொடுங்குற்றத்தில் சிக்கிய 16 முதல் 18 வயதினருக்கும். இவை எதுவும் சிறை அல்ல. சிறுமியர் தனியே, சிறிய பிள்ளைகள் தனியே, பெரியவர்கள் தனியே இருக்க வேண்டும்.

குற்றம் உறுதியானால் இல்லம்தான் என்றும் இல்லை. அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், அபராதம் விதிக்கலாம், நன்னடத்தைப் பிணையில் மூன்றாண்டு வரை பெற்றோரிடமே விடலாம்.

இல்லத்துக்குள் அடிப்பார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

அடிக்கக் கூடாது. அடி விழுந்ததும் உண்டு. 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான், ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. 2023ல் அவர் விரிவான அறிக்கை கொடுத்தார். இல்லங்களை நடத்திவந்த சமூகப் பாதுகாப்புத் துறை இன்று குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று பெயர் மாறியிருக்கிறது. பெயர்ப் பலகை மாறியது போல உள்ளே வேலை செய்பவர்களின் பழக்கமும் மாறியதா என்பதை அந்தந்த இல்லத்தில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

இல்லத்தில் கொடுமை செய்யும் ஊழியருக்கு 75ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும். பிள்ளையைப் பார்க்கப் போகும்போது, கடைசியாக யார் வந்து உங்களோடு தனியாகப் பேசினார்கள் என்று அவனிடமே கேளுங்கள். "அதிகாரி வந்தாரு, நாங்க வரிசையில நின்னோம்" என்றால் அது ஆய்வு இல்லை.

இல்லத்திலிருந்து ஓடிவிட்ட பிள்ளையையும் 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன்தான் கொண்டுவர வேண்டும். ஓடியதற்காகத் தனி வழக்கு கிடையாது.

எங்கள் மாவட்டத்திலும் ஒரு கூர்நோக்கு இல்லம் கட்ட வேண்டும் என்று மனு கொடுக்கப் போகிறோம். சரிதானே?

கொஞ்சம் பொறுங்கள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள் உண்டு, இல்லங்கள் அவ்வளவு இல்லை. ஒன்றே பல மாவட்டங்களுக்குச் சேர்த்து இயங்குகிறது. இடம் போதவில்லை என்ற குரல் எழுவது இயல்பு. ஆனால் இடம் ஏன் போதவில்லை என்பதை யாரும் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

கணக்கு சுலபம். ஓர் இல்லத்துக்கு மாதம் 20 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் சராசரியாக 15 நாள் இருந்தால் எந்த நாளில் எண்ணினாலும் உள்ளே ஏறக்குறைய 10 பேர்தான் இருப்பார்கள். அதே 20 பேர் 60 நாள் இருந்தால் 40 பேர். ஊரில் குற்றம் ஒன்றுகூடக் கூடவில்லை, இல்லத்தில் கூட்டம் நான்கு மடங்கு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது என்று பெரிய தொட்டி கட்டுவதற்கு முன் வெளிக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே முறை?

அடைப்பு எங்கே என்றால், பெரும்பாலும் இந்த இடங்களில். குழுமம் வேலை நாள் எல்லாம் அமர வேண்டும் என்பது விதி. வழக்கு குறைவாக இருந்தால்தான் விலக்கு. நடுவருக்கு வேறு கோர்ட் வேலையும் இருப்பதால் வாரத்தில் ஓரிரு நாள் என்று சுருங்கிவிடுகிறது. சமூகப் பணியாளர் பதவிக்காலம் முடிந்தால் அடுத்தவரை நியமிக்க மாதக்கணக்கில் ஆகிறது. நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்தில் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை வரவில்லை என்று வாய்தா. செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளை என்றால், பிணைக்கு உள்ளூர் ஆள் இல்லை. இப்படிக் காலிப் பணியிடங்களும் அமராத குழுமங்களும் இருப்பதைத்தான் உச்ச நீதிமன்றம் 2018ல் சம்பூர்ணா பெகுரா வழக்கில் கண்டித்து, நிரப்பச் சொன்னது. உயர் நீதிமன்றங்களே இதைத் தாமாக எடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்றும் சொன்னது.

எனவே மனுவில் முதலில் கேட்க வேண்டியது வேறு. நம் மாவட்டக் குழுமம் கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் அமர்ந்தது? எத்தனை பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள், எத்தனை நாளாக? ஜாமீன் கிடைத்தும் வெளியே வராதவர்கள் எத்தனை பேர்? நிலுவை விவரத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமை நீதித்துறை நடுவருக்கும் ஆட்சியருக்கும் குழுமம் கொடுக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, இந்தக் காகிதம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டிய காகிதம். எந்தப் பிள்ளையின் பெயரும் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகும் புது இல்லம் தேவைப்படலாம். முக்கியமான காரணம் தூரம். மகனைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டு, மூன்று பஸ் மாறிப் போகும் அம்மா இரண்டாவது மாதம் வருவதை நிறுத்திவிடுகிறார். சிறுமியருக்கான இடம் இன்னும் அரிது. அப்படிக் கட்டினால் சின்னதாகக் கட்டச் சொல்லுங்கள். 50 பிள்ளைகளுக்குத் தலா 1000 சதுரஅடியில் இரண்டு படுக்கைக் கூடங்கள், கூடத்துக்கு 25 பேர், 8 கழிப்பறை, 5 குளியலறை, வகுப்பறை, நூலகம், நோயறை என்று மத்திய மாதிரி விதிகள் அளவே கொடுத்திருக்கின்றன. வரைபடம் வந்தால் முதலில் கழிப்பறைகளை எண்ணுங்கள்.

கலெக்டருக்கு இதில் என்ன அதிகாரம்?

2021 திருத்தத்துக்குப் பிறகு நிறைய. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு அவரது மேற்பார்வையில் இயங்குகிறது. குழுமம் உட்பட எல்லாரிடமும் தகவல் கேட்கலாம். ஆனால் ஒரு பையனை விடு, விடாதே என்று குழுமத்துக்கு அவர் உத்தரவு போட முடியாது. அந்த மனுவோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நிற்பது வீண் அலைச்சல்.

ஊராட்சியோ நகராட்சியோ என்ன செய்ய முடியும்? எங்களிடம் போலீசும் இல்லை, கோர்ட்டும் இல்லையே.

உங்களிடம் பூங்கா இருக்கிறது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் விஷயம் இதுதான். 14 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் குழுமம் சமூக சேவை உத்தரவு போடலாம். விதிகள் காட்டும் உதாரணங்களே பூங்கா பராமரிப்பு, முதியோருக்கு உதவி, மருத்துவமனையில் ஒத்தாசை, போக்குவரத்துத் தன்னார்வலர் வேலை. உத்தரவு போட நடுவர் தயார், ஆனால் பையனை எங்கே அனுப்புவது, யார் கையெழுத்து வாங்குவது, கூட நிற்கும் மேஸ்திரி அவனைத் திருடன் என்று கூப்பிடமாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இந்த விவரம் இல்லாததால் கையில் இருக்கும் வழி பயன்படாமலே போகிறது. ஒரு நகராட்சி ஆணையர் ஐந்து இடங்களையும் ஐந்து பொறுப்பாளர்களையும் எழுதிக் குழுமத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். செலவு தபால் செலவுதான்.

அடுத்தது கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர்தான் தலைவர். பல ஊர்களில் குழு பதிவேட்டில் மட்டும் கூடுகிறது. ஒழுங்காகக் கூடினால் பேச வேண்டியது குற்றத்தைப் பற்றியே அல்ல. பள்ளிக்கு வராமல் நின்றவர்கள் யார், ஏன்? எட்டாவதில் நின்ற பையன் பட்டறையில் இருக்கிறானா, சும்மா சுற்றுகிறானா? எந்தக் கடையில் பசங்களுக்குப் போதை மாத்திரையும் புகையிலையும் கிடைக்கிறது? தலைமையாசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அரை மணியில் பத்துப் பெயர் வரும். அந்தப் பெயர்களைப் போலீசிடம் கொடுக்கக் கூடாது, பள்ளிக்குத் திருப்ப வேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "கண்காணிப்புப் பட்டியல்" என்று ஆரம்பித்தால் அடுத்த மாதம் ஊரில் பைக் காணாமல் போனதும் அந்தப் பத்துப் பேரையும் இழுத்துப் போவார்கள்.

அப்புறம் இடம். மாலை ஆறு மணிக்குப் பூட்டாத விளையாட்டுத் திடல், விளக்கு, படிப்பகம். காவல் துறையின் சிறுவர் சிறுமியர் மன்றங்கள் பல ஊர்களில் உண்டு. சென்னைக் காவல் துறை 2022ல் பள்ளி மாணவர்களுக்காகச் சிற்பி என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சிகள்தான், ஆனால் நல்ல பிள்ளைகளே வந்து சேரும் இடமாக அவை மாறிவிடும். வராத பையனைத் தேடிப் போய்க் கூட்டிவர ஆள் இல்லாத மன்றத்துக்கு கேரம் போர்டு வாங்கித் தந்து பயனில்லை.

ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்தினால் திருந்த மாட்டார்களா?

மாட்டார்கள். அமெரிக்காவில் இதைப் பல்லாண்டு செய்து பார்த்தார்கள். பசங்களைச் சிறைக்குக் கூட்டிப் போய்க் கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம். சோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போகாதவர்களைவிடப் போய் வந்தவர்களே பிறகு அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

சிறார் குற்றம் பெருகிக்கொண்டே போகிறது என்கிறார்களே?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் நாடு முழுவதும் சிறார் மீது 2021ல் 31,170 வழக்குகள், 2022ல் 30,555. அந்த ஓராண்டில் குறைந்தது. பதிவான வழக்கு மட்டுமே கணக்கில் வரும் என்பதும் உண்மை. பிடிபடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் 16 முதல் 18 வயதினர். கையில் அரிவாளோடு ரீல்ஸ் போடும் ஒரு பையன் ஒரு வாரத்துக்குத் தொலைக்காட்சியில் ஓடுவான். அதனால் கூட்டம் கூட்டமாக இருப்பது போலத் தோன்றும்.

16 வயதுக்கு மேல் கொலை செய்தால் பெரியவர் போல விசாரிப்பார்களாமே?

விசாரிக்கலாம், தானாக நடக்காது. 16 முடிந்த பிள்ளை கொடுங்குற்றம் செய்ததாகப் புகார் இருந்தால் குழுமம் மூன்று மாதத்துக்குள் முதல்நிலை மதிப்பீடு செய்யும். அதைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழலில் நடந்தது என்று பார்க்கும். அவன் செய்தானா இல்லையா என்ற விசாரணை இது அல்ல. இதற்கு மனநல வல்லுநர் துணை எவ்வளவு முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் அழுத்திச் சொன்னது. வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போனாலும், பெரியவராக விசாரிக்கத் தேவையில்லை என்று அந்த நீதிமன்றம் முடிவெடுக்கலாம். தண்டனை வந்தாலும் 21 வயது வரை பாதுகாப்பு இடத்தில்தான். தூக்குக் கிடையாது. விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

பையன் பைக் எடுத்துக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். அபராதம் கட்டினால் முடிந்ததா?

முடியாது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி குற்றவாளி நீங்கள், அதாவது பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. எனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே.

பாதிக்கப்பட்டவர்கள் நாங்கள். எல்லாரும் அந்தப் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள்.

நியாயமான கோபம். குழுமத்தின் நடைமுறையில் உங்களுக்கு இடம் குறைவு. அறை மூடியிருப்பதால் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் போகும். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் தனியே விண்ணப்பிக்கலாம், அதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குழுமத்தின் உத்தரவில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள். குற்றவகையைப் பொறுத்து அது மாறும்.

அவன் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. என்ன செய்வது?

பெயர், முகவரி, பள்ளி, போட்டோ, அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டும் அல்ல, எந்த வகை வெளியீட்டுக்கும் இது பொருந்தும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனுப்பியவர் எண், நேரம் எல்லாம் தெரியும்படி வைத்துக்கொண்டு, குழுமத்திடமே எழுதிக் கொடுங்கள்.

பிற்காலத்தில் அரசு வேலை, பாஸ்போர்ட் எல்லாம் போய்விடுமா?

போகாது. இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த எதுவும் அவனுக்குத் தகுதிக் குறைவாகாது என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் பெரியவராக விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவருக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை.

நடைமுறையில் சிக்கல் எங்கே வரும் என்றால், ஸ்டேஷனில் பழைய பதிவேடு அப்படியே இருக்கும். ஐந்தாண்டு கழித்து போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ விசாரிக்க வரும் ஏட்டு அதைப் பார்த்து "வழக்கு உள்ளது" என்று எழுதிவிடுவார். ஆகவே வழக்கு முடிந்த நாளிலேயே இறுதி உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் ஆவணங்களை அழிக்க உத்தரவிடும்படி குழுமத்திடம் மனு கொடுத்து, அந்த உத்தரவின் நகலைச் சம்பந்தப்பட்ட காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.